இரைச்சலை விலக்குவது கடமையை விலக்குவதாகுமா?

உணவு என்றதும் வாய் வழியே உட்கொள்வதையே நாம் எண்ணுகிறோம். சாந்தோக்ய உபநிடதத்தில் உணவுத் தூய்மையைப் பற்றி வரும் பகுதிக்கு உரை வகுத்த ஆதிசங்கரர், அச்சொல்லுக்கு இன்னும் விரிந்த பொருள் கொண்டார். கண்ணும் செவியும் பிற புலன்களும் வெளியிலிருந்து திரட்டி உள்ளே கொண்டுவந்து சேர்ப்பன யாவும் உணவே என்பது அவர் கருத்து. உடலுக்குச் செல்லும் உணவில் கல்லும் மண்ணும் கலந்திருந்தால் நாம் உடனே துப்பிவிடுகிறோம். மனத்திற்குச் செல்லும் உணவில் அத்தகைய விழிப்பு நமக்கு இருக்கிறதா?

கைப்பேசி வந்தபின் இக்கேள்வி கூர்மை பெற்றுவிட்டது. அதிகாலையில் கண் விழித்ததும் இறைவனை நினைக்கு முன்பே, வீட்டாரின் முகத்தைப் பார்க்கு முன்பே, பலர் கைப்பேசியின் திரையைப் பார்க்கின்றனர். ஒரு விபத்துக் காட்சி, அதன் கீழே ஒரு திரைப்பட விளம்பரம், அடுத்து இரு கட்சியினரின் வசைமாரி, பின்னர் பழைய நண்பர் ஒருவரின் இல்லத் திருமணப் படம், அதையடுத்து உண்மையோ பொய்யோ அறிய இயலாத ஒரு மருத்துவக் குறிப்பு. ஐந்து நிமிடங்களுக்குள் அச்சம், ஆசை, சினம், பொறாமை, குழப்பம் ஆகிய அனைத்தும் மனத்தில் வந்து போய்விடுகின்றன. அவற்றுள் ஒன்றையும் நாம் தேடிச் செல்லவில்லை. ‘டைம்லைன்’ எனப்படும் பதிவு வரிசையில் அவை நம்மைத் தேடி வந்தன.

ஆகவே, இந்தப் பதிவு வரிசையைச் சற்று அமைதிப்படுத்த வேண்டும் என்று எண்ணுவோர் பெருகி வருகின்றனர். கூச்சலிடுவோரைப் பின்தொடர்வதை நிறுத்துகின்றனர். ஓயாமல் ஒலிக்கும் குழுக்களின் ஒலியை அடக்கி வைக்கின்றனர். அப்படிச் செய்யும்போது நல்ல உள்ளம் படைத்தோரிடம் ஓர் உறுத்தல் எழுவதும் உண்டு. ‘உலகில் இத்தனை துன்பங்கள் நிகழும்போது என் அமைதிக்காக நான் கண்ணை மூடிக்கொள்கிறேனா? எனக்கு உவப்பானவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளுவது தன்னலம் ஆகாதா?’ இவ்வுறுத்தல் மதிக்கத்தக்கது. இதனைப் பொருட்படுத்தாமல் கடந்து செல்வது முறையன்று.

வரிசைப்படுத்துவது யார்?

முதலில் ஓர் உண்மையை அறிந்துகொள்வோம். நம் திரையில் தோன்றும் வரிசை உலகின் நேர்ப் பிரதிபலிப்பன்று. தொடக்க காலத்தில் இத்தளங்களில் புதிய பதிவு மேலேயும் பழைய பதிவு கீழேயுமாக, காலமுறைப்படி அமைந்திருந்தன. முகநூல் 2009ஆம் ஆண்டிலும், ட்விட்டரும் இன்ஸ்டாகிராமும் 2016ஆம் ஆண்டிலும் இம்முறையை மாற்றத் தொடங்கின. எப்பதிவைக் கண்டால் நாம் நின்று பார்ப்போம், விருப்பக்குறி இடுவோம், மறுமொழி எழுதுவோம் என்று கணினி நிரல் முன்கூட்டியே கணித்து, அதனை மேலே கொண்டுவந்து நிறுத்துகிறது. நாம் அங்கே தங்கும் நேரம் நீளநீள, காட்டப்படும் விளம்பரங்களும் மிகும். அதுவே இத்தளங்களின் வருவாய்.

எது நம்மை நிறுத்தி வைக்கும்? 2017ஆம் ஆண்டில் முகநூல் தன் கணிப்பு முறையில், சினம், வியப்பு, சோகம் முதலிய உணர்ச்சிக் குறிகளுக்குச் சாதாரண விருப்பக்குறியைப் போல ஐந்து மடங்கு மதிப்பு அளித்திருந்தது. அந்நிறுவனத்தின் உள் ஆவணங்கள் 2021ஆம் ஆண்டில் வெளியானபோது இது உலகிற்குத் தெரிய வந்தது. சினக்குறிக்கு அளித்த மதிப்பைப் பின்னர் அந்நிறுவனமே நீக்கிவிட்டது. எனினும், ஒருவரைச் சினமூட்டிய பதிவு பல்லாயிரவர் கண்முன் நிறுத்தப்பட்ட காலம் ஒன்று இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது. 2017ஆம் ஆண்டில் வெளியான வேறோர் ஆய்வு, ட்விட்டர் பதிவு ஒன்றில் அறமும் உணர்ச்சியும் கலந்த சொல் ஒவ்வொன்றும் கூடும்போது அப்பதிவு பரவும் அளவு ஏறத்தாழ 20 விழுக்காடு உயர்வதைக் காட்டியது.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. நமது பதிவு வரிசையை நாம் ஒழுங்குபடுத்தாவிட்டால், அது ஒழுங்குபடுத்தப்படாமல் இருப்பதில்லை. பிறர் தமது வருவாயை நோக்கி ஒழுங்குபடுத்துகின்றனர். எனவே, ‘நான் உள்ளதை உள்ளபடி காண்கிறேன்; நீக்கினால் உண்மையை மறைத்தவன் ஆவேன்’ என்னும் எண்ணத்திற்கு அடிப்படை இல்லை. தேர்ந்தெடுப்பது நாமா, பிறரா என்பதே நம்முன் உள்ள கேள்வி.

இரைச்சல் எது? கசப்பான உண்மை எது?

அவ்வாறாயின் நாமே தேர்ந்தெடுக்கலாம் அல்லவா? ஆம், ஆனால் எந்த அளவுகோலைக் கொண்டு? இங்கேதான் மனம் நம்மை ஏமாற்றக்கூடும். நமக்குப் பிடிக்காதது யாவும் இரைச்சல் என்றும், பிடித்தது யாவும் இன்னிசை என்றும் அது தீர்ப்புக் கூறிவிடும். மருத்துவர் கூறும் கசப்பான செய்தி இரைச்சலன்று. நம் கருத்தைப் பொறுமையுடன் மறுத்துரைக்கும் நண்பரின் பதிவும் இரைச்சலன்று. நம்மைப் புகழ்ந்து வரும் நூறு வரிகள் காதுக்கு இனியவையே ஆயினும், அவை இரைச்சலாக இருக்கக்கூடும்.

இரைச்சலை அதன் சுவையைக் கொண்டு அறிய இயலாது; அது மனத்தில் விட்டுச் செல்லும் எச்சத்தைக் கொண்டே அறிய இயலும். ஒரு பதிவைப் படித்தபின் நாம் ஒன்றை முன்னைவிடத் தெளிவாக அறிந்திருக்கிறோமா? ஒருவருக்கு உதவவோ ஒரு தவற்றைத் திருத்திக்கொள்ளவோ அது வழி காட்டியதா? ஒரு மனிதரை இன்னும் ஆழமாகப் புரிந்துகொண்டோமா? இவற்றுள் ஒன்றேனும் நிகழ்ந்திருந்தால் அப்பதிவு துயரம் தருவதாயினும் கொள்ளத்தக்கது. மூன்றும் இன்றி, மனம் மட்டும் கலங்கி நின்றால், அதனைத் தள்ளிவிடுவதில் குற்றமில்லை. திருவள்ளுவர் கேள்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாமல், பயனில சொல்லாமைக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். கேட்பதன் பெருமையை உணர்ந்தவருக்கே பயனற்ற சொல்லின் கேடும் தெரியும் போலும்.

மனக்கலக்கம் என்பது சிறு செய்தியன்று. 2012ஆம் ஆண்டு ஜனவரியில் முகநூல் நிறுவனம் 6,89,003 பேரின் பதிவு வரிசையில் ஒரு வார காலம் ஒரு சோதனை நடத்தியது. சிலருக்கு மகிழ்ச்சி தரும் பதிவுகள் குறைக்கப்பட்டன. வேறு சிலருக்குத் துயரம் தரும் பதிவுகள் குறைக்கப்பட்டன. அவர்கள் பிறகு எழுதிய சொற்களில், தாம் கண்டவற்றின் சாயல் சிறிதளவு படிந்திருந்தது. தாம் சோதிக்கப்படுவதை அவர்கள் அறியவில்லை. 2014ஆம் ஆண்டில் இவ்வாய்வு வெளியானபோது அதன் முறைமை குறித்துப் பெருங்கண்டனம் எழுந்தது. விளைவின் அளவு மிகச் சிறியதே ஆயினும், காண்பது மனத்தில் ஒட்டும் என்ற பழைய உண்மைக்கு இது ஒரு புதிய சான்று.

அறியும் கடமை

‘உலகின் துன்பங்களை அறிவது கடமை அன்றோ?’ என்னும் முதல் ஐயத்திற்கு இப்போது வருவோம்.

இதில் உண்மை இருக்கிறது. 2021ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் கொரோனாத் தொற்றின் இரண்டாம் அலை நம் நாட்டை உலுக்கியபோது, ஆக்சிஜன் உருளைக்கும் மருத்துவமனைப் படுக்கைக்கும் மக்கள் இச்சமூக ஊடகங்களிலேயே குரல் எழுப்பினர். முன்பின் அறியாதோர் உதவினர். அன்று எவரேனும் ‘என் அமைதி கெடும்’ என்று எல்லாவற்றையும் அடைத்துவிட்டிருந்தால், அதை அமைதி என்று எவரும் போற்றமாட்டார்கள். ஆனால், அதே நாட்களில் நிகழ்ந்த மற்றொன்றையும் கருத வேண்டும். பழைய தொலைபேசி எண்களும் சரிபார்க்கப்படாத பட்டியல்களும் கைமாறிக் கைமாறிச் சுற்றின. உறவினரின் உயிருக்குப் போராடியோர் அவ்வெண்களுக்கு ஓயாமல் அழைத்துச் சோர்ந்தனர். அந்நேரம் உண்மையில் உதவியோர், ஒவ்வோர் எண்ணுக்கும் தாமே அழைத்துச் சரிபார்த்து, சரிபார்த்த நேரத்தையும் குறிப்பிட்டு வெளியிட்ட தொண்டர்கள். அவர்கள் செய்த தொண்டின் பெரும்பகுதி, இரைச்சலை நீக்கியதே ஆகும்.

இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு நம் வரலாற்றில் உண்டு. 1917ஆம் ஆண்டு காந்தியடிகள் பீகாரின் சம்பாரண் மாவட்டத்திற்குச் சென்றார். நிலத்தின் இருபது பங்கில் மூன்று பங்கில் அவுரி பயிரிட்டே தீர வேண்டும் என்னும் ‘தீன்கதியா’ முறையால் அங்குள்ள உழவர்கள் அல்லலுற்றனர். அநீதி கண்கூடானது. அதனை நாடெங்கும் உரத்து முழக்கியிருக்கலாம். அவரோ முதன்மையான பத்திரிகைகளின் ஆசிரியர்களுக்கு எழுதி, செய்தியாளர்களை அனுப்ப வேண்டாம் என்றும், வெளியிட வேண்டியவற்றைத் தாமே தெரிவிப்பதாகவும் கேட்டுக்கொண்டார். பிறகு ராஜேந்திர பிரசாத் முதலிய வழக்குரைஞர்களின் துணையோடு, ஆயிரக்கணக்கான உழவர்களின் வாக்குமூலங்களைப் பதிவு செய்தார். ஒவ்வொருவரையும் குறுக்கு விசாரணை செய்து, ஐயத்திற்கு இடமானவற்றைத் தள்ள வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. மறு ஆண்டிலேயே சட்டத்தின் வழி அம்முறை ஒழிக்கப்பட்டது.

காந்தியடிகள் சம்பாரணின் துயரத்திலிருந்து செவியை விலக்கவில்லை. துயருற்றோரின் சொல்லைத் தெளிவாகக் கேட்பதற்காகவே சுற்றியிருந்த ஆரவாரத்தை விலக்கினார். நூறு ஊர்களின் துன்பத்தை விரலால் தள்ளிக்கொண்டே போவது, அறியும் கடமையை நிறைவேற்றியதாகாது. ஓர் ஊரின் துன்பத்தை முழுதாகக் கேட்டு, நம்மால் இயன்றதைச் செய்வதே அக்கடமை. செய்தி பெருகும் இடத்தில் கவனம் வறுமையுறும் என்பதை, பின்னாளில் பொருளியல் நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன் 1971ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டினார். நம்மிடம் உள்ள கவனம் அளவுக்குட்பட்டது. அதனைச் சிதறடிப்பவன் யாருக்கும் முழுதாகக் கொடுக்க இயலாது.

ஒத்த கருத்தினர் மட்டும் போதுமா?

இரண்டாவது ஐயம் இது: நாமே தேர்ந்தெடுத்தால், நம்மோடு ஒத்த கருத்துடையோர் மட்டுமே எஞ்சி, நம் எண்ணமே நமக்கு எதிரொலிக்காதா?

எதிரொலிக்கும், நாம் விழிப்பாக இல்லாவிடில் நிச்சயம் எதிரொலிக்கும். அதனைத் தவிர்க்க ஓர் எளிய முறை உண்டு. நீக்கும் வேலையை நம் அணியிலிருந்தே தொடங்க வேண்டும். நாம் நேசிக்கும் கொள்கையை, நாம் போற்றும் சமயத்தை, நாம் ஆதரிக்கும் கட்சியைப் புகழ்ந்து, மற்றோரை இழித்துப் பேசுவோரை முதலில் பின்தொடராது விடுவோம். எதிரணியில் இருந்துகொண்டு, வசைச்சொல் இன்றிக் காரணம் காட்டிப் பேசும் ஒருவரை நம் வரிசையில் வைத்துக்கொள்வோம். இவ்விரண்டையும் செய்ய மனம் இசைகிறதா என்று பார்த்தால், நாம் நாடுவது அமைதியா, அன்றி நம் செருக்கிற்குக் காவலா என்பது நமக்கே புலப்பட்டுவிடும்.

இது சொல்வதற்கு எளிது. செய்யத் தொடங்கும்போதுதான், நம் தரப்பின் வசைமொழியை நாம் எத்துணைச் சுவைத்து வந்தோம் என்பது தெரியும்.

உறவும் ஒதுக்கலும்

மூன்றாவது ஐயம் குடும்பத்தைப் பற்றியது. பெரியப்பா ஒருவர் நாள்தோறும் இருபது செய்திகளைக் குடும்பக் குழுவில் அனுப்புகிறார். பெரும்பாலானவை சரிபார்க்கப்படாதவை. குழுவின் ஒலியை அடக்கி வைத்தால் அவரை அவமதித்ததாகுமா? அவர் அறியாமல் செய்வது வஞ்சகம் ஆகாதா?

ஒருவரது சொல்லை எந்நேரமும் கேட்டுக்கொண்டிருப்பதாக நாம் எவருக்கும் வாக்களித்ததில்லை. பக்கத்து அறையில் வானொலி ஒலிக்கும்போது கதவைச் சாத்திக்கொள்வது வானொலி கேட்பவரை வெறுப்பதாகாது. இத்தளங்களிலும் அத்தகைய கதவுகள் உண்டு. முகநூலில் நட்பை முறிக்காமலே ஒருவரது பதிவுகள் நம் கண்ணில் படாதவாறு செய்யலாம். 30 நாட்களுக்கு மட்டும் ஒதுக்கி வைக்கவும் வசதி உண்டு. வாட்ஸ்அப் குழுவில் ஒலியை மட்டும் நிறுத்திவிட்டு, நமக்கு உகந்த நேரத்தில் ஒருமுறை படித்துக்கொள்ளலாம்.

ஆயினும், திரையில் குறைத்ததை நேரில் நிறைவு செய்தாக வேண்டும். பெரியப்பா நாளொன்றுக்கு இருபது செய்திகளை ஏன் அனுப்புகிறார்? பிள்ளைகள் தொலைவில் இருக்கலாம். பேச்சுத் துணையின்றி இருக்கலாம். ‘நான் இருக்கிறேன், என்னை மறவாதீர்கள்’ என்பதையே அவர் இருபது விதமாகக் கூறுகிறார் போலும். அவர் அனுப்பும் செய்திகளின் ஒலியை நிறுத்திவிட்டு, ஞாயிறுதோறும் அவருக்குத் தொலைபேசியில் அழைத்துப் பத்து நிமிடம் பேசுபவர் அவரை ஒதுக்கியவர் ஆகார். எல்லாச் செய்திகளுக்கும் கைகூப்பும் குறி ஒன்றை இட்டுவிட்டு, ஆண்டு முழுதும் அவர் குரலைக் கேளாதிருப்பவரே உண்மையில் அவரை ஒதுக்கியவர்.

நாம் எழுப்பும் ஒலி

இதுவரை நம்மை வந்தடையும் இரைச்சலைப் பற்றியே பேசினோம். ஒவ்வொருவரின் பதிவு வரிசையும் மற்றவர்கள் அனுப்பியவற்றால் ஆனது. அந்த ‘மற்றவர்கள்’ பட்டியலில் நாமும் இருக்கிறோம்.

2018ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள், மகாராஷ்டிர மாநிலம் துளே மாவட்டத்தின் ராயின்பாடா என்னும் சிற்றூரில், நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐவரைப் பிள்ளை பிடிப்போர் என்று ஐயுற்ற கூட்டம் அடித்தே கொன்றது. பிள்ளை பிடிப்போர் உலவுகின்றனர் என்னும் வதந்தி அப்போது கைப்பேசிகளின் வழி நாட்டின் பல பகுதிகளில் பரவியிருந்தது; வேறு மாநிலங்களிலும் உயிர்கள் பலியாயின. அந்த மாதமே வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐவருக்கு அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் அனுப்ப இயலாதபடி வரம்பிட்டது. 2019ஆம் ஆண்டில் இவ்வரம்பு உலகெங்கும் விரிந்தது.

அவ்வதந்தியை அனுப்பியோரில் பெரும்பாலோர் கொடியவர்களாக இருந்திருக்க வேண்டியதில்லை. ‘நம் பிள்ளைகளுக்கு ஆபத்து, நாலு பேருக்குத் தெரியட்டும்’ என்னும் அக்கறையோடே பலர் அனுப்பியிருப்பர். நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை. 2018ஆம் ஆண்டில் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு ஒன்று, 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்திக் கதைகளை ஆராய்ந்தது. மெய்யைவிடப் பொய்யே மேலும் பகிரப்படும் வாய்ப்பு 70 விழுக்காடு மிகுதி என்று அது கண்டது. தானியங்கிக் கணக்குகளின் பங்கைக் கழித்துப் பார்த்தபோதும் இந்நிலை மாறவில்லை. பொய்யை விரைந்து பரப்பியவர்கள் மனிதர்களே.

ஆகவே, பகிருமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நலம். இது மெய் என்று எனக்கு எவ்வாறு தெரியும்? பெறுபவருக்கு இதனால் என்ன பயன்? இதனை நேரில், அவர் முகம் பார்த்து, என் குரலில் சொல்வேனா? மூன்றாவது கேள்வி மிகப் பல பதிவுகளைத் தடுத்துவிடும்.

ஆமையின் பாடம்

புலனடக்கத்திற்கு ஆமையை உவமையாகக் கீதையும் காட்டுகிறது, குறளும் காட்டுகிறது. அவ்வுவமையில் நாம் எளிதில் காணத் தவறும் ஒரு கூறு உண்டு. ஆமை தன் உறுப்புகளை வெட்டி எறிவதில்லை. வேண்டும்போது உள்ளிழுத்துக்கொள்கிறது, வேண்டும்போது நீட்டி நடக்கிறது. சமூக ஊடகங்களை அறவே துறந்தோர் சிலர் உண்டு. அது அவர்கள் வழி. பணியின் பொருட்டும் உறவின் பொருட்டும் தொண்டின் பொருட்டும் அங்கே இருந்தாக வேண்டியவர்களுக்கு ஆமையின் வழி உதவும். அறிவிப்பு ஒலிகளை நிறுத்தி வைப்பது. நாளில் இரண்டு வேளை மட்டும், நாமாகக் குறித்த நேரத்தில் திறப்பது. பின்தொடர்வோர் பட்டியலை மாதம் ஒருமுறை பார்வையிடுவது. கணிப்பு நிரல் முன்னிறுத்தும் பகுதியை விடுத்து, நாம் பின்தொடர்வோரின் பதிவுகளை மட்டும் காட்டும் பகுதி இருக்குமாயின் அதனைப் பயன்படுத்துவது. இவற்றுள் எதுவும் அரிய தவமன்று.

எல்லா ஒழுங்கிற்கும் விதிவிலக்கு வேண்டும். அவ்விதிவிலக்கு எதன்பொருட்டு என்பதில்தான் ஒருவரின் உள்ளம் தெரியும். காந்தியடிகள் திங்கட்கிழமைதோறும் மௌனம் காத்தார். 1947ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாளும் ஒரு திங்கட்கிழமை. நாட்டைப் பிரிக்கும் திட்டம் குறித்துப் பேசுவதற்காக அன்று அவர் மவுண்ட்பேட்டன் பிரபுவைச் சந்தித்தார். அவர் உள்ளம் எத்துணை வேதனையில் இருந்திருக்கும்! அன்றும் அவர் வாய் திறக்கவில்லை. பயன்படுத்திய பழைய உறைகளின் பின்புறத்தில் தம் மறுமொழியை எழுதிக் கொடுத்தார். மௌன விரதம் மேற்கொண்டபோதே அதற்கு இரண்டு விதிவிலக்குகளைத் தாம் வைத்திருந்ததையும் அதில் குறிப்பிட்டார். அவசரமான காரியங்களில் உயர் பொறுப்பில் உள்ளோருடன் பேசுதல் ஒன்று. நோயுற்றோரைக் கவனித்தல் மற்றொன்று.

பொது நன்மைக்கும் துன்புற்றவருக்கும் கதவைத் திறந்து வைத்துவிட்டு, மற்றவற்றுக்குச் சாத்திக்கொண்டார் அவர். இரைச்சலை விலக்க விரும்பும் நாமும், தொடங்குமுன் நம் விதிவிலக்குகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம். யாருடைய அழைப்பு எந்நேரத்திலும் நம்மை வந்தடைய வேண்டும்? தனித்திருக்கும் முதியவர் யார், நோயுற்ற நண்பர் யார், நாம் பொறுப்பேற்ற தொண்டு எது? அவர்களின் பெயர்களை முதலில் எழுதிவிட்டு, அதன் பின்னர் ஒலியைக் குறைப்போம். அப்போது, அவர்கள் மெல்ல அழைத்தாலும் நமக்குக் கேட்கும்.